சங்கத்தில் சேராதோரும் சங்கத்தின் பயனும்

நமது கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், மலருக்கென வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். கல்வியின் மேன்மையைப் பற்றிப் பிறர் எழுதுவர். ஆதலின் நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். கழகத்தின் உதவியால் பயின்ற பிள்ளைகள் இன்று ஆலைகளிலும் அலுவலகங்களிலும் இரயில்வேயிலும் பள்ளிகளிலும் பணியாற்றுகின்றனர். அவர்களுள் பலர் எந்தத் தொழிற்சங்கத்திலும் உறுப்பினர் அல்லர். ஏன் என்று வினவினால், "சேர்ந்தாலும் சேராவிட்டாலும் கிடைப்பது கிடைக்கத்தானே போகிறது, ஐயா" என்கின்றனர். அவர்கள் கூறுவது பொய்யன்று. அது ஏன் பொய்யன்று என்பதையும், அதனுள் அவர்கள் கணக்கில் கொள்ளாது விட்டது யாது என்பதையும் வரலாற்றின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வோம்.

இந்திய நாட்டில் ஒழுங்காக அமைந்த முதல் தொழிற்சங்கம் நம் தமிழகத்தில் தோன்றியது என்பதை இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் நிறுவப்பெற்றது. செல்வபதி செட்டியார், இராமாநுசுலு நாயுடு ஆகியோர் முயன்று கூட்டிய தொழிலாளர்க்குப் பி. பி. வாடியா தலைவரானார், திரு. வி. கலியாணசுந்தரனார் உடன் நின்றார். பெரம்பூர்ப் பகுதியில் பின்னி நிறுவனத்தார் நடத்திய பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளரே இதன் உறுப்பினருள் பெரும்பாலோர். நண்பகலில் உண்பதற்குக் கிடைத்த நேரம் போதவில்லை என்பது அவர்களது முதல் முறையீடுகளுள் ஒன்று. ஆலைக் கதவைத் தாண்டிச் சென்று, உண்டு, கை கழுவித் திரும்புவதற்குள் மணி அடித்துவிடும். பிந்தியவனுக்கு வாயிற்கதவு திறவாது.

இத்தகைய முறையீட்டின் இயல்பை நோக்குக. உணவு வேளை சில நிமிடங்கள் நீள்கிறது என்று கொள்வோம். மணி ஒன்றுதான். சந்தா செலுத்தியவன் காதிலும் செலுத்தாதவன் காதிலும் அது ஒன்றாகவே ஒலிக்கும். உறுப்பினனுக்கு ஒரு மணியும் ஏனையோர்க்கு வேறொரு மணியும் அடிக்க எந்த ஆலையாலும் இயலாது. ஆலையில் காற்றுக்கு வழி செய்தாலும், குடிநீர்த் தொட்டி வைத்தாலும், சுழலும் பொறிக்கு வேலியிட்டாலும் நிலை அதுவே. கூலி உயர்வைப் பிரித்துக் கொடுக்கலாமே எனில், கொடுக்கலாம். ஆனால் எந்த முதலாளியும் அதனைச் செய்ய முன்வருவதில்லை. சங்கத்தில் சேர்ந்தவனுக்கு மட்டும் கூடுதல் கூலி என்று அறிவித்தால், மறுநாளே எல்லோரும் சங்கத்தில் சேர்ந்துவிடுவர் அல்லவா? அதனை விரும்பும் முதலாளி யார்? ஆகவே, சேராதவனுக்கும் அதே கூலியைக் கொடுப்பது முதலாளிக்கே நன்மை பயப்பது. இவ்வுண்மையை நம் பிள்ளைகள் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. சேராதிருப்பவன் பெறும் உயர்வில் ஒரு பகுதி, அவன் சேராதிருப்பதற்கென அளிக்கப்படும் விலை என்றே நாம் கருதுகின்றோம்.

ஊரார் இதனை ஓசிச் சவாரி என்பர். சொல் புதிதாயினும் செய்தி பழையது. நம் நாட்டில் ஏரி குளங்களைத் தூர்வாரவும் கரை காக்கவும் வீட்டுக்கோர் ஆள் அனுப்பும் குடிமராமத்து முறை இருந்தது. ஆள் அனுப்பாதவன் வயலுக்கும் நீர் பாயத்தானே செய்யும்? அதனால் ஆள் அனுப்பாது ஒதுங்கியோர் பலர். ஆங்கில ஆட்சியார் 1858இல் சென்னை மாகாணத்திற்கென ஒரு சட்டமே இயற்றி, உழைப்பு நல்காதவரிடம் அதற்கு ஈடாகப் பணம் பெற வழி செய்தனர். இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் செல்ல நமக்கு மனம் ஒப்பவில்லை. குளத்தில் இறங்கி மண் வெட்டிச் சுமந்தோர் யார்? நம் பாட்டனாரும் பாட்டிமாரும் அல்லரோ? நீர் பாய்ந்த நிலம் அவர்களுடையதன்று. சேலம், நாமக்கல் சமவெளியில் கிணற்று நீர் இறைத்த கவலை ஏற்றத்திற்குத் தோற்பறி தைத்துக் கொடுத்தோரும் நம்மவரே. அந்தக் கிணற்றில் ஒரு குடம் நீர் மொள்ள அவர்களுக்கு உரிமை இருந்ததில்லை. உழையாமல் பயன் பெறுவோர் என்ற குற்றச்சாட்டு நம்மை நோக்கி எழும்போதெல்லாம், பயன் பெறாமல் உழைத்தோரின் நீண்ட வரலாறு நமக்குப் பின்னே நிற்பதை மறத்தல் ஆகாது.

நிற்க. சட்டம் இதில் என்ன செய்தது என்பதைக் காண்போம்.

1920ஆம் ஆண்டு இறுதியில் சென்னை ஆலைகளில் மூண்ட போராட்டத்தின்போது, நிறுவனத்தார் வாடியா மீதும் சங்கத் தலைவர்கள் மீதும் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்து தடையாணை பெற்றனர். தொழிலாளரை வேலை நிறுத்தம் செய்யத் தூண்டியதால் நட்டம் விளைந்தது என்பது வழக்கு. 1921 தொடக்கத்தில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி வாடியா சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. இந்நிகழ்ச்சியே என். எம். ஜோசி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கப் பாதுகாப்புச் சட்டம் வேண்டுமெனத் தீர்மானம் கொணரக் காரணமாயிற்று. 1926இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. பெரம்பூர்த் தொழிலாளர் பட்ட பாட்டினால் இந்திய நாடு முழுவதிலும் உள்ள சங்கங்களுக்குச் சட்டத்தின் காப்புக் கிடைத்தது. அவ்வகையில் நோக்கின், பிற்காலத்துச் சங்கங்கள் யாவுமே முன்னோர் செலவில் பயன் பெற்றவையே.

இதனினும் நம் பொருளுக்கு நெருக்கமானது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம். ஆலைத் தொழிலாளர் வீடுகளில் "பன்னிரண்டு மூன்று ஒப்பந்தம்" என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். அச்சட்டத்தின் 12(3) பிரிவின் கீழ், சமரச அதிகாரியின் முன்னிலையில் கையெழுத்தாகும் ஒப்பந்தம் அது. அதற்கும் நிருவாகமும் சங்கமும் தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாட்டிற்கும் பெரும் வேறுபாடு உண்டு. தமக்குள் செய்துகொள்வது கையொப்பமிட்டவரை மட்டுமே கட்டுப்படுத்தும். சமரச அதிகாரி முன் செய்வதோ, தகராறு எழுந்த நாளில் அந்நிறுவனத்தில் இருந்த அனைவரையும், பின்னர் வந்து சேர்வோரையுமே கட்டுப்படுத்தும் என்று 18ஆம் பிரிவு விதித்தது. அதாவது, ஒப்பந்தம் முடிந்து மூன்று திங்கள் கழித்து வேலைக்கு வரும் இளைஞன், போராட்டம் என்ற ஒன்று நடந்ததையே அறியாதவன், அதே உயர்வைப் பெறுவான். 2020இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்திலும் இக்கொள்கை தொடர்கிறது. இக்கொள்கை நல்லதே. ஆனால் இதற்கு மறுபுறமும் உண்டு. சிறு சங்கம் ஒன்றை வயப்படுத்திச் சமரச அதிகாரி முன் கையெழுத்து வாங்கிவிட்டால், அந்த ஒப்பந்தம் எல்லோர் கழுத்திலும் ஏறிவிடும். நன்மை கேளாமல் வந்து சேர்வது போலவே தீமையும் கேளாமல் வந்து சேரும்.

இனி, நம் சமுதாயத்தின் மீது சுமத்தப்பட்ட பழிக்கு வருவோம். 1921ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அதே பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் பெரும் வேலை நிறுத்தம் தொடங்கிற்று. ஆதித்திராவிடத் தொழிலாளருள் பெரும்பாலோர் அதில் கலந்துகொள்ளாது வேலைக்குச் சென்றனர். சாதி இந்துத் தொழிலாளரும் முசுலிம் தொழிலாளரும் ஒருபுறம், ஆதித்திராவிடர் மறுபுறம் என்று பகை மூண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் தீக்கிரையாயின. கலவரமும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்து உயிர்கள் மாய்ந்தன. அக்டோபர்த் திங்களில் வேலை நிறுத்தம் தோல்வியில் முடிந்தது. அன்று தொட்டு, "சங்கத்தைக் காட்டிக் கொடுத்த கருங்காலிகள்" என்ற சொல் நம்மவர் மீது விழுந்தது.

அவர்கள் ஏன் சேரவில்லை? ஆறு திங்களுக்கு முன்னர்தான் ஒரு போராட்டம் முடிந்திருந்தது; கூலி இழந்த கடன் தீரவில்லை. ஏனையோருள் பலர்க்கு ஊர்ப்புறத்தில் ஒரு துண்டு நிலமோ, சோறு போடும் உறவோ இருந்தது. நம்மவர்க்கு ஊருக்குத் திரும்பினால் பண்ணையடிமை வாழ்வே காத்திருந்தது. ஆலை வாழ்க்கை எத்துணைக் கொடியதாயினும், கூலியைக் காசாக எண்ணிக் கையில் கொடுத்த இடம் அது. ஆதித்திராவிடர் தலைவர் எம். சி. இராசா அவர்கள், வேலை நிறுத்தம் ஒத்துழையாமை இயக்கத்தோடு பிணைந்திருப்பதாகக் கருதி, அதிலிருந்து விலகி நிற்குமாறு தம் மக்களுக்கு அறிவுரை கூறினார். கலவரத்திற்குப் பின் நீதிக்கட்சித் தலைவர்கள் பழியை ஆதித்திராவிடர் மீதும், அவர்களுக்கு உதவிய அரசின் தொழிலாளர் துறை மீதும் சுமத்தினர். மனம் நொந்த இராசா 1923இல் அக்கட்சியை விட்டே வெளியேறினார்.

நம் கருத்து இது. தங்கள் பிள்ளைகளின் பசியைக் கருதி அவர்கள் வேலைக்குச் சென்றதை நாம் குற்றம் கூறோம். ஆயினும் ஆலை நிருவாகம் அவர்களது வறுமையைப் பயன்படுத்திக்கொண்டது என்பதையும் மறைத்தல் தகாது. வேலைக்குச் சென்றோரின் பெயர் கெட்டது. செல்லாதோரின் போராட்டம் கெட்டது. இலாபம் யாருக்கு என்பதை இளைஞர்களே உணர்வர். இதில் கேட்கப்பட வேண்டிய கேள்வி, "அவர்கள் ஏன் சேரவில்லை?" என்பது மட்டுமன்று. "சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் அவர்களுக்கென்று என்ன இருந்தது?" என்பதும் ஆகும்.

இக்கேள்வியைத் தெளிவாக எழுப்பியவர் அண்ணல் அம்பேத்கர். பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவே கூலி மிகுந்த பிரிவு. தறியில் நூல் அறுந்து புதிய கண்டை நாடாவில் பூட்டும்போது நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தீண்டத்தகாதவன் வாய் வைத்த நாடாவில் நாங்கள் வாய் வைப்பதா என்று பிற தொழிலாளர் மறுத்தமையால், நம்மவர்க்கு அப்பிரிவில் இடமே இல்லை. 1928இல் பம்பாய் ஆலைகளில் மாபெரும் வேலை நிறுத்தம் நடந்தது. அதன் கோரிக்கைகளுள் ஒன்றாக, நெசவுப் பிரிவைத் தாழ்த்தப்பட்டோர்க்குத் திறந்து விடுக என்பதும் இடம்பெற வேண்டும் என்று அம்பேத்கர் வற்புறுத்தினார். சங்கத் தலைவர்கள் தயங்கித் தயங்கியே அதனை ஏற்றனர். கூலிக் குறைப்பை எதிர்ப்பதால் விளையும் நன்மை நெசவுப் பிரிவின் வாசலில் நின்ற நம்மவனுக்கும் ஓரளவு வந்து சேரும். ஆனால் அந்த வாசல் திறக்க வேண்டும் என்ற கோரிக்கை, உள்ளே இருந்தோர் யாருக்கும் தாமாகத் தோன்றவில்லை.

1938 பிப்ரவரியில் மன்மாட்டில் இரயில்வேயின் தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாட்டில் அவர் பேசியதும் இங்கு நினைக்கத்தக்கது. பார்ப்பனியமும் முதலாளியமும் தொழிலாளரின் இரு பகைகள் என்று அவர் கூறியதைப் பலரும் எடுத்துரைப்பர். அதே உரையில் அவர் எடுத்துக்காட்டிய சிறு செய்தி ஒன்றுண்டு. நம்மவர் காலமெல்லாம் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாகவே இருக்க வேண்டும். போர்ட்டராகக்கூட உயர முடியாது. ஏனெனில் போர்ட்டரானவன் நிலைய அதிகாரியின் வீட்டு வேலையையும் பார்க்க வேண்டும். தீண்டத்தகாதவன் எங்ஙனம் வீட்டிற்குள் நுழைவான்? ஊதிய உயர்வைப் பேசிய சங்கங்கள் இதனைப் பேசவில்லை. ஆயினும் அம்பேத்கர் தொழிலாளர் இயக்கத்திற்குப் புறமுதுகு காட்டினார் அல்லர். அதே ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், வேலை நிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்த வந்த மசோதாவை எதிர்த்துப் பம்பாயில் நடந்த ஒருநாள் வேலை நிறுத்தத்தில் அவரது சுதந்திரத் தொழிலாளர் கட்சி பொதுவுடைமையாளரோடு தோளிணைந்து நின்றது. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, முதலாளிகள் தொழிற்சங்கத்தைக் கட்டாயம் அங்கீகரிக்க வேண்டும் என்ற மசோதாவை 1943இல் கொணர்ந்தார். குறைந்த அளவுக் கூலி மசோதாவை 1946இல் அவரே முன்வைத்தார்; அது 1948இல் சட்டமாயிற்று. எந்தச் சங்கத்திலும் இல்லாத வயற்காட்டுக் கூலிக்கும் அச்சட்டம் பொருந்துமாறு அமைந்தது. ஓசிச் சவாரி என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. சங்கம் கட்ட இயலாதவனுக்குச் சட்டமே சங்கமாக நின்றது.

நம் சேலம், நாமக்கல் சமவெளிக்கு வருவோம். இங்குச் சங்கம் கட்டுவது என்றுமே எளிதாக இருந்ததில்லை. ஆண்டுக் கூலியாகத் தானியம் அளந்து வாங்கிய பண்ணையாள், பண்ணாடியின் களத்தில்தான் குடியிருந்தான். அவனுக்குச் சந்தாவும் துண்டறிக்கையும் எங்கிருந்து வரும்? இன்று பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு வட்டாரங்களில் இரவு பகலாக விசைத்தறிகள் ஓடுகின்றன. ஒரு பட்டறைக்குச் சில தறிகள், சில ஆட்கள். ஆயிரம் பேர் ஒரே வாயில் வழியே வெளிவரும் பஞ்சாலை வேறு. சந்துக்குச் சந்து பிரிந்து கிடக்கும் தறிப்பட்டறை வேறு. அன்றியும் முன்பணம் என்றொரு விலங்கு அங்கு உண்டு. மகள் திருமணத்திற்கோ மருத்துவத்திற்கோ பட்டறைக்காரரிடம் முன்பணம் பெற்றவன், அது தீரும்வரை வேறு பட்டறைக்குச் செல்ல இயலாது. வாரக் கூலியில் பிடித்தம் போகப் போக, மீண்டும் தேவை வர, கடன் ஒருபோதும் தீருவதில்லை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் ஏட்டில் இருக்கிறது. அத்தகையவன் சங்கக் கூட்டத்திற்கு வரவில்லையெனில் அவனை ஓசிச் சவாரிக்காரன் என்பது அறமாகுமா?

இருந்தும் இவ்வூர்களில் சங்கங்கள் உண்டு. தீபாவளி நெருங்கும்போது போனசுக்கான பேச்சு நடைபெறும். கூலி உயர்வுக்காகவும் அவ்வப்போது தறிகள் நிற்கும். முடிவில் ஒரு விகிதம் அறிவிக்கப்படும். அந்த விகிதம் சங்கத்து ஆளுக்கும் சங்கம் சாராத ஆளுக்கும் ஒன்றே. முன்பணத்தில் கட்டுண்டவனும் அதனைப் பெறுவான். ஆனால் முன்பணக் கடனுக்கு வரம்பு வேண்டும், பிடித்தத்திற்குச் சீட்டு வேண்டும் என்பவை போனசுப் பேச்சில் முன்னிற்பதில்லை. அதனைக் கேட்க வேண்டியவன் கூட்டத்தில் இல்லை.

பயன் எல்லோர்க்கும் பொதுவாயினும் விலை பொதுவாக இருப்பதில்லை என்பதற்குக் கீழவெண்மணியைக் காட்டிலும் சான்று வேண்டுவதில்லை. கீழத்தஞ்சையில் கூடுதல் கூலி கேட்ட விவசாயத் தொழிலாளரை, செங்கொடியை இறக்குக, சங்கத்தை விட்டு விலகுக என்று நிலவுடைமையாளர் நெருக்கினர். வெளியூர் ஆட்களைக் கொணர்ந்து அறுவடை செய்ய முற்பட்டனர். 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேர் தீயில் மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியோரும், தாழ்த்தப்பட்ட மக்கள். அதன் பின்னர் கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்து, 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் கூலி, செங்கொடி ஏந்தியவனுக்கு மட்டுமா கிடைத்தது? அஞ்சி ஒதுங்கியவனும் அதனைப் பெறும் உரிமை அடைந்தான். நிலவுடைமையாளர் சங்கத்தின் பக்கம் நின்றவனும் அடைந்தான். வெண்மணியின் 44 பேரும் அக்கூலியில் ஒரு படி நெல்லும் பெறவில்லை.

இதே கதை அலுவலகங்களிலும் உண்டு, விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1974 மே 8 முதல் இருபது நாட்கள் நடந்த இரயில்வே வேலை நிறுத்தத்தில் பல்லாயிரவர் சிறை சென்றனர், வேலை இழந்தனர். வேலைக்கு வந்தோர் விசுவாசிகள் எனப் பாராட்டப் பெற்றுச் சலுகைகளும் அடைந்தனர். 1979இல் இரயில்வே ஊழியர்க்குப் போனசு ஏற்கப்பட்டபோது இரு சாராரும் ஒரே வரிசையில் நின்று வாங்கினர். நம் ஆசிரியர் உலகத்தை மட்டும் விட்டுவிடுவானேன்? 2003 ஜூலையில் தமிழக அரசு ஊழியர், ஆசிரியர் வேலை நிறுத்தத்தின்போது ஒரு இலட்சத்து எழுபதாயிரம் பேர் அளவில் பணிநீக்கம் செய்யப்பட்டனர். உச்சநீதிமன்றத்தின் தலையீட்டிற்குப் பின் பெரும்பாலோர் திரும்ப அழைக்கப்பட்டனர். சில ஆயிரவர் விசாரணை முடியும்வரை காத்திருந்தனர். 2006க்குப் பின் இழந்த சலுகைகளுள் பல மீண்டன. ஆசிரியர் அறையில் ஒருநாளும் சந்தா கொடாத நண்பர்களே நிலுவைத் தொகையை முதலில் கணக்கிட்டு முடிப்பர் என்பதை முப்பதாண்டு அனுபவத்தில் கண்டுள்ளோம். கணக்கில் அவர்கள் பிழை செய்வதும் இல்லை.

வெளிநாட்டார் இச்சிக்கலை எங்ஙனம் எதிர்கொண்டனர்? அமெரிக்கப் பொருளியலறிஞர் மான்கர் ஓல்சன் 1965இல் வெளியிட்ட நூலில், கூட்டம் பெரிதாகப் பெரிதாக ஒவ்வொருவனும் தான் ஒதுங்கினால் குறையொன்றும் வாராது என எண்ணுவான் என்றும், கட்டாயமோ உறுப்பினர்க்கெனத் தனிப் பயனோ இன்றிப் பெரிய சங்கம் நிலைப்பது அரிது என்றும் வாதிட்டார். கனடாவில் 1946இல் நீதிபதி இராண்டு அளித்த தீர்ப்பு ஒன்று நடுவழி கண்டது: சங்கத்தில் சேருமாறு யாரையும் வற்புறுத்தலாகாது, ஆனால் பயன் பெறுவோர் யாவரும் சந்தாவுக்கு ஈடான தொகையைச் செலுத்துதல் வேண்டும். சுவீடனில் வேலையற்ற காலத்து உதவித் தொகையைத் தொழிற்சங்கங்கள் சார்ந்த நிதிகளே வழங்கி வந்தமையால் தொழிலாளர் தாமே திரண்டு சேர்ந்தனர். நம் நாட்டில் இவை இரண்டும் இல்லை. ஆயினும் தமிழகத்தில் கட்டடத் தொழிலாளர் முதலியோர்க்கு நல வாரியங்கள் அமைந்த பின், பதிவுக்கும் உதவித் தொகைக்கும் படிவம் நிரப்பித் தருவதன் வாயிலாகச் சங்கங்கள் உறுப்பினரைப் பெற்று வருவதைக் காண்கின்றோம். ஓல்சன் கூறிய தனிப் பயன் இதுவே போலும்.

புதிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் ஒரு மாறுதலைக் கொணர்ந்துள்ளது. இளைஞர்கள் அதனைக் கருத்தூன்றிப் படித்தல் நலம். வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளருள் நூற்றுக்கு 51 பேரின் ஆதரவைப் பெற்ற சங்கமே நிருவாகத்தோடு பேசும் தனியுரிமை பெறும். அங்ஙனம் ஒன்று இல்லையெனில், நூற்றுக்கு 20 பேருக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்கள் கூடிய பேச்சுக் குழு அமையும். எச்சங்கத்தையும் சாராதவன் இவ்வெண்ணிக்கையில் எப்பக்கமும் நில்லான். பேசச் செல்பவரைத் தெரிந்தெடுப்பதில் அவனுக்குப் பங்கில்லை. அவர்கள் கொணரும் கூலி அவனுக்கு உண்டு. பதவி உயர்வில் நம்மவர்க்கு இழைக்கப்படும் புறக்கணிப்பு, ஓய்வறையில் தனிக் குவளை, சாதியைச் சுட்டும் ஏச்சு ஆகியவை பட்டியலில் ஏறுமா என்பது, பட்டியல் எழுதும் இரவில் அவ்வறையில் யார் அமர்ந்திருக்கின்றனர் என்பதைப் பொறுத்தது.

அப்பதிவேட்டிலேயே பெயர் இல்லாதவர் நிலை என்ன? ஒரே தெருவைப் பெருக்கும் இருவருள் ஒருவர் நிரந்தரப் பணியாளர். மற்றவர் ஒப்பந்தக்காரரின் ஆள். சேலம் நகராட்சி 1866இல் தோன்றி 1994இல் மாநகராட்சி ஆயிற்று. அந்நகரின் துப்புரவைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தோர் நம் மக்களே, சிறப்பாக அருந்ததியர். நிரந்தரப் பணியாளர்க்குச் சங்கம் பெற்றுத் தந்த ஊதிய விகிதமும் ஓய்வூதியமும் ஒப்பந்தத் தொழிலாளியை எட்டுவதில்லை. ஒப்பந்தத் தொழிலாளர் தாமாகவே நிரந்தரமாவர் என்று 1996இல் உச்சநீதிமன்றம் கூறியிருந்தது. இந்திய உருக்காலை நிறுவன வழக்கில் 2001 ஆகஸ்டு 30ஆம் நாள் அக்கருத்து மாற்றப்பட்டது. சேராமலே பயன் பெறும் வழி இங்கு அடைபட்டுவிடுகிறது. "கிடைப்பது கிடைக்கும்" என்னும் நம் பிள்ளைகளின் வாதம் நிரந்தர வேலை உள்ளவனுக்கே செல்லும்; ஒப்பந்தத்தில் பணிபுரியும் அவன் தாய்க்கும் தமையனுக்கும் செல்லாது.

2025 ஆகஸ்டு முதல் நாள், தம் மண்டலங்களின் துப்புரவுப் பணி தனியார்வசம் ஒப்படைக்கப்படுவதை எதிர்த்தும் பணி நிரந்தரம் கோரியும் சென்னை மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் கட்டடத்தின் முன் அமர்ந்தனர். பெரும்பாலோர் பெண்கள். பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில் காவல்துறையினர் அவர்களை அப்புறப்படுத்தினர். மறுநாள் தமிழக அமைச்சரவை, தூய்மைப் பணியாளர்க்குக் காலைச் சிற்றுண்டி, தொழில்சார் நோய்க்குச் சிகிச்சை, பத்து இலட்ச ரூபாய்க் காப்பீடு, பிள்ளைகளின் உயர்கல்விக்கு உதவி உள்ளிட்ட ஆறு திட்டங்களை அறிவித்தது. ரிப்பன் கட்டடத்தின் முன் ஒருநாளும் அமராத சேலத்துப் பணியாளரும் நாமக்கல் பணியாளரும் இத்திட்டங்களை எதிர்பார்த்திருக்கின்றனர். அமர்ந்திருந்தோர் கேட்ட பணி நிரந்தரம் அந்த ஆறனுள் இல்லை.